பாடலாசிரியரா, பாடலாக்குநரா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனைப் பற்றிய கட்டுரையில், ஆங்கிலத்தின் 'singer-songwriter' என்பதற்குப் 'பாடகர், பாடலாசிரியர்' என்று எழுதினாலே போதும் என்று ஐயா அவர்கள் முந்தைய மடலில் கூறியிருந்தார்கள். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். இரண்டாம் பத்தியிலேயே இடறிற்று. நம்மிடையே பாடலாசிரியர் என்றால் சொல்லை எழுதுபவர், மெட்டு வேறொருவருடையது. இது திரைப்படத்தால் மட்டும் வந்த பிரிவும் அன்று. பரிபாடலின் பழங்குறிப்புகளே பாடிய புலவரையும் இசை வகுத்தவரையும் தனித்தனியே சுட்டுகின்றன. பார்ட்டனோ சொல்லையும் மெட்டையும் ஒருசேரக் கட்டுபவர். பயணப் பேருந்தில் தாள் கிடைக்காமல், சலவைக் கடை ரசீதின் பின்புறத்தில், தாய் கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்த மேலங்கியைப் பற்றிய பாடலை அவர் எழுதியதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை. 1967 முதல் பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்த பார்ட்டன், அவரை விட்டுப் பிரியும் தறுவாயில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை ஆக்கி, 1974இல் வெளியிட்டார். அதைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பியபோது, அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். இரவெல்லாம் அழுததாகச் சொல்லும் பார்ட்டன், உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1992இல் பாடகி விட்னி ஹியூஸ்டன் பாடி அது அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தபோது, அந்த மறுப்பின் பொருள் விளங்கியது. ஏனெனில் அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் பாடலை ஆக்கியவருக்கும் வெளியீட்டாளருக்கும் உரிமைத்தொகை தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. இதைத் தமிழில் விளக்க, ஆக்கியவருக்கென்று ஐயமற்ற ஒரு சொல் வேண்டும்.

சொல்லையும் இசையையும் தாமே ஆக்குபவரைக் குறிக்கும் 'வாக்கேயக்காரர்' பொருளளவில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் கேட்டவுடன் கருநாடக இசை மேடையே மனத்தில் எழும். 'தன்பாட்டுப் பாடகர்' அழகாக இருப்பினும், 'அவர் தன்பாட்டுக்குப் பாடுகிறார்' என்னும் வழக்கு குறுக்கே நிற்கிறது. ஆகவே இயக்குநர், பெறுநர் என்னும் அமைப்பில் 'பாடலாக்குநர்' என்பதை முன்மொழிகிறேன். தாமே ஆக்கிப் பாடுபவரைப் 'பாடகப் பாடலாக்குநர்' எனலாம். பிறர் ஆக்கியதை மட்டும் பாடுபவர் பாடகராகவே இருப்பார்.

பார்ட்டன் பாடும் அமெரிக்க இசைவகையின் பெயரான 'கன்ட்ரி இசை'யை அப்படியே வைத்துக்கொள்வோம். நாட்டுப்புறப் பாடல் என்று பெயர்த்தால், ஆக்கியவர் இன்னாரென்று அறியப்படாத மரபுப் பாட்டாகவே அதை நம் வாசகர் கொள்வர். பார்ட்டன் போராடிக் காத்த உரிமைக்கே அது முரணாகிவிடும்.

இசைத்தட்டு உறையில் 'பாடலாக்கம்: டாலி பார்ட்டன், குரல்: விட்னி ஹியூஸ்டன்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு எங்கும் உறுத்தவில்லை. புணர்ச்சியிலோ பொருளிலோ குறை கண்டால் தயங்காமல் சுட்டுங்கள். அதன்பின் கட்டுரையைத் திருத்துகிறேன்.