மங்கல் நேரத்தில் ஸ்கோப் இருண்டுவிடுகிறது: 3-9×40-ஐ மாற்றத்தான் வேண்டுமா?

சோளக்காட்டான்:

வணக்கம். ஜெர்மனியில் சவர்லாந்துப் பக்கம் இருக்கிறேன், வயது 46. போன வருடம்தான் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினேன். துவக்கு .308 (குண்டு அளவு), செகண்ட் ஹாண்ட். அதோடு ஒரு 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) சும்மா வந்தது.

செப்டம்பர் நடுப்பகுதி, சோளக்காட்டு ஓரப் பரணில் இருந்தேன். ஏழே முக்காலுக்குச் சூரியன் இறங்கியது. எட்டரைக்கு ஒரு பன்றி வெளியே வந்தது, எண்பது மீட்டர் இருக்கும். 8×42 பைனாகுலரில் காது, முதுகு எல்லாம் பிரித்துத் தெரிந்தது. துவக்கைத் தூக்கி ஸ்கோப்புக்குள் பார்த்தால் சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. பின்னால் புல்லுக்குள் குட்டிகள் நிற்கின்றனவா என்று பார்க்க வழியே இல்லை. குட்டியோடு திரியும் தாயைச் சுட்டால் இங்கே அது குற்ற வழக்கு. விரலை எடுத்துவிட்டேன். பன்றி ஆறுதலாகக் கால் மணி நேரம் மேய்ந்துவிட்டுப் போனது.

கையில் 1,200 யூரோ இருக்கிறது. கடைக்காரர் 5-25×56 ஒன்றைக் காட்டி, "34 மில்லிமீட்டர் குழாய், வெளிச்சம் அள்ளும்" என்கிறார். தெரிந்த ஒருவர் பழைய 8×56 வைத்திருக்கிறார், பாதி விலைக்குத் தருவார். எதை எடுக்க?

மூன்றாம்பிறை:

ஒரு கேள்வி. அன்றைக்குப் பெருக்கத்தை எத்தனையில் வைத்திருந்தீர்கள்?

சோளக்காட்டான்:

9-இல். கிட்டத்தில் பார்க்கலாமே என்று.

மூன்றாம்பிறை:

அதுதான் விஷயம். 6-க்குத் திருப்பியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். மிச்சத்தைப் பரண்கிழவர் வந்து சொல்வார், இது அவருக்குப் பிடித்த சப்ஜெக்ட்.

பரண்கிழவர்:

வந்துவிட்டேன். கிழவன் என்று நானே பெயர் வைத்ததால் நீங்களும் சொல்கிறீர்கள், பரவாயில்லை.

தம்பி, முதலில் ஸ்கோப்பைத் துவக்கிலிருந்து கழற்றுங்கள். கையை நீட்டிப் பிடித்து, பகல் வானத்தின் பக்கம் (சூரியன் பக்கம் வேண்டாம்) திருப்பிக் கண்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது சுருங்கும். உங்கள் கண்ணுக்குள் போவது அந்த வட்டம் மட்டும்தான். முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு வரும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். 6-ஆல் வகுத்தால் 6.7. உங்கள் பைனாகுலர் 42-க்கு 8, அதாவது 5.25. அதில் பன்றி தெரிந்து ஸ்கோப்பில் தெரியாமல் போனதற்கு இதுதான் முதல் காரணம். அதற்காக 3-க்கு இறக்கினாலும் லாபமில்லை. 13 மில்லிமீட்டர் வட்டத்தில் பாதிக்கு மேல் கண்மணிக்கு வெளியேதான் விழும், பன்றியும் எலி அளவுக்குச் சுருங்கிவிடும்.

குழாய்க் கதையை விடுங்கள். 30 ஆனாலும் 34 ஆனாலும் அது வெளிச்சம் அள்ளாது, குறிபார்க்கும் குறுக்குக்கோட்டைத் திருகி நகர்த்த உள்ளே இடம் கூடும், அவ்வளவுதான். 5-25 தூரத்து இலக்குப் பலகைக்கு நல்லது. பரணில் அதன் கனம்தான் மிஞ்சும்.

8×56 இங்கே பழைய வேட்டைக்காரரின் பொருள், 56-க்கு 8 சரியாக 7. ஆனால் அந்த 7, இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் இளம் கண்மணிக்கான கணக்கு. எனக்கு 61, இருட்டில் என் கண்மணி 5-ஐத் தாண்டாது. உங்களுடையதை அளக்க அலன் கீ (ஆறுபட்டைத் திருகுசாவி) போதும். அரை மணி நேரம் இருட்டில் இருந்து கண் பழகியதும், 6 மில்லிமீட்டர் கீயை நெற்றிக்கும் கன்னத்துக்கும் முட்டுக் கொடுத்துக் கண்ணுக்கு நேரே செங்குத்தாகப் பிடித்து, மறுகண்ணை மூடி, ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கத்தாலும் தெரிந்தால் கண்மணி 6-ஐ விடப் பெரிது. மறைந்தால் சிறிது. கண்ணில் குத்திக்கொண்டு வந்து என்னைத் திட்டக் கூடாது.

காசு போக வேண்டிய இடம் கண்ணாடி. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும், ஒரு ஸ்கோப்புக்குள் பத்துக்கு மேல் பரப்பு உண்டு. 1935-இல் யேனாவில் ட்ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா கண்டுபிடித்த பூச்சுதான் இந்த இழப்பைக் குறைத்தது. இன்று எல்லாரும் பூசுகிறார்கள், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரிப் பூசுவதில்லை. நடுப்பகலில் கடைக்குள் இருநூறு யூரோ ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். சாத்துகிற நேரத்துக்குப் போய், கடையின் பின்வாசலில் நின்று மரத்தடி நிழலைப் பார்க்கக் கேளுங்கள். பட்டையும் இலையும் எதில் கடைசிவரை பிரிந்து தெரிகிறதோ அதை எடுங்கள்.

குறுக்குக்கோடு நான்காம் எண் வகையாக இருக்கட்டும். மூன்று பக்கமும் தடித்த கம்பி, இருட்டிலும் தெரியும். நடுவில் சிவப்புப் புள்ளி இருந்தால் நன்று, ஆனால் அது எவ்வளவு மங்கலாகக் குறையும் என்று பாருங்கள். என் முதல் ஸ்கோப்பின் ஆகக் குறைந்த நிலையே அடுப்புத் தணல் மாதிரி. புள்ளிதான் தெரியும், பன்றி தெரியாது.

என் அப்பா வன்னியில் வயலுக்குப் பரண் கட்டி, துவக்கில் டோர்ச்சை ரப்பர்ப் பட்டியால் கட்டிக் காவல் இருந்தவர். இதையெல்லாம் வாசித்தால் சிரிப்பார்.

ஹூஸ்டன்வாசி:

இங்கே டெக்சாஸில் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை இரவிலும் சுடலாம். 2019 முதல் நில உரிமையாளர் அனுமதி இருந்தால் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். நான் தெர்மல் ஸ்கோப் (உடல் வெப்பத்தைக் காட்டும் ஸ்கோப்) வாங்கிவிட்டேன், இந்த மில்லிமீட்டர் கணக்கே இல்லை. அதையே வாங்குங்க சார்.

பரண்கிழவர்:

அண்ணே, இங்கே ஜெர்மனியில் அதைத் துவக்கில் பூட்டினால் துவக்கும் போகும், லைசென்ஸும் போகும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஸ்கோப்புக்கு முன்னால் பூட்டும் இரவுநோக்குக் கருவிக்கு வழி உண்டு. அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வேட்டைச் சட்டம் வேறு, முதலில் கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற தெர்மல் வேறு கதை. குட்டி நிற்கிறதா என்று பார்க்க அது நல்ல உதவி.

சோளக்காட்டான்:

அண்ணை, செய்து பார்த்தேன். 6 மில்லிமீட்டர் கீயின் இரண்டு பக்கமும் நட்சத்திரம் தெரிந்தது. 7-க்கு மறைந்துவிட்டது. நேற்று அதே பரணில் பழைய ஸ்கோப்பை 6-இல் வைத்துப் பார்த்தேன். வேலிக் கம்பத்தை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை எண்ண முடிந்தது. 9-இல் வைத்தபோது எட்டரைக்கே முடிந்தது.

அப்படியானால் 50 மில்லிமீட்டரை 8-இல் வைத்தால் 6.25, எனக்கு அதுவே போதும் போலிருக்கிறதே? 56-க்கு ஸ்கோப்பைத் துவக்கில் பூட்டும் வளையத்தை உயர்த்த வேண்டும், கன்னம் கட்டையில் படியாது.

பரண்கிழவர்:

போதும். 2.5-10×50 நல்லதாக ஒன்று பாருங்கள், மிச்சக் காசில் பூட்டு வளையத்தை ஒழுங்கான ஆளிடம் கொடுத்துப் பூட்டுங்கள். நவம்பரில் கண்பக்கக் கண்ணாடியில் மூச்சு விடாதீர்கள். பனிபிடித்தால் எந்த விலைக் கண்ணாடியும் ஒன்றுதான்.

மூன்றாம்பிறை:

அந்தப் பழைய 8×56 இன்னும் விற்கவில்லையென்றால் எனக்கு ஒரு தகவல் போடுங்கள். எனக்கு 29 வயது.