ஆறு பேருக்கு மட்டும், ஒரு வீட்டுக்குள்ள நாடகம்: நேரம், சத்தம், தொடுகை

முறிப்புக்காரி கேக்கிறா:

வணக்கம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு வீட்டுத்திட்ட வீட்டில ஆனி மாதக் கடைசியில நாடகம் போடுறம். மேடை இல்லை, மைக் இல்லை, ஒரு ஆட்டத்துக்கு ஆறு பேர்தான். ஒரு தாய் வெளிநாட்டில இருக்கிற மகளிட்டப் போறதுக்கு முதல் நாள் வீட்டுச் சாமான்களைப் பிரிச்சுக் குடுக்கிறா, அதுதான் கதை. ரெண்டு அறையிலயும் குசினியிலயும் ஒவ்வொரு நடிகர். பார்வையாளர் ரெண்டு ரெண்டு பேரா மூண்டு இடமும் சுத்தி வந்து கடைசியில ஹோலில சேருவினம்.

ஒத்திகையில மூண்டு இடமும் ஒரே நேரத்தில முடியுதில்லை. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாததால ஒரு அறையில அழுதால் மற்ற அறையில அப்பிடியே கேக்குது. பார்வையாளரைத் தொடலாமோ, கண்ணைக் கட்டலாமோ எண்டதிலயும் எங்களுக்குள்ள ஒத்துப்போகேல்லை. செய்து பழகின ஆக்கள் சொல்லுங்கோ.

களரிக்காரன்:

நடிகர் மணிக்கூட்டைப் பாத்தா மூண்டடியில இருக்கிறவருக்கு உடன தெரிஞ்சிடும். அதால நேரத்தை ஒரே ஒரு ஆளிட்டக் குடுங்கோ, குசினியில நிக்கிறவவிட்ட. ஃபோன் சத்தமில்லாமல் ஏழாவது நிமிசம் அதிரட்டும், அதை இடுப்பில செருகி வைக்கலாம். அதிர்ந்த உடன அவ உரலில இடிக்கத் துவங்கோணும். இடி கேட்டால் இன்னும் ஒரு நிமிசம், இடி நிண்டால் காட்சி முடிஞ்சுது. சுவருக்கு மேல இருக்கிற அந்த இடைவெளியால சத்தம் எல்லா அறைக்கும் போகும். பார்வையாளருக்கு அது ஆரோ மா இடிக்கிற சத்தம். வெறும் உரலை இடிச்சா பொய்யாக் கேக்கும், ரெண்டு சுண்டு ஊறின அரிசி போடுங்கோ.

ஒவ்வொரு அறையிலயும் இழுத்தா நீளுற, விட்டாச் சுருங்கிற ஒரு வேலை வேணும். சீலை மடிக்கிறது நல்லது: நேரம் இருந்தால் அஞ்சு சீலை, இல்லாட்டி ரெண்டு. வசனத்தை நீட்டிக் குறைக்க வெளிக்கிட்டால் நடிகர் தடுமாறுவார்.

கணக்கு இப்பிடி வரும். துவக்கத்தில விறாந்தையில 7 நிமிசம், மூண்டு இடம் எட்டு எட்டா 24, மாறி நடக்க 6, ஹோலில 8, மொத்தம் 45. சாமானைத் திரும்ப ஒழுங்குபடுத்த அரை மணித்தியாலம் விடுங்கோ. 6.45க்கு ஒண்டு, 8.00க்கு ஒண்டு எண்டால் ஒரு பின்னேரம் 12 பேர், நாலு நாளில 48 பேர். மூண்டாவது ஆட்டத்துக்கு ஆசைப்படாதேங்கோ. ஒரு நடிகர் ஏற்கெனவே ஒரே காட்சியை ஒரு நாளைக்கு ஆறு தரம் செய்யிறார். அதுக்கு மேல போனால் கடைசிச் சோடிக்குக் கிடைக்கிறது மனப்பாடம்தான்.

எழுதேக்க ஒண்டைக் கவனியுங்கோ. ஒரு சோடி குசினியில துவங்கும், மற்றது அறையில துவங்கும். ஒரு இடத்தில சொன்னதை நம்பி மற்ற இடம் நிக்கக்கூடாது. மூண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுற தகவல் ஹோலில மட்டும் வரட்டும்.

சத்தத்தை மறிக்கத் தறப்பாள் கட்டினால் பிரயோசனமில்லை. பாரமில்லாத சாமான் சத்தத்தை நிப்பாட்டாது, காத்துக்குப் படபடக்கிற சத்தம்தான் கூடும். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி எடுத்து மேல நிமிசம், பக்கத்தில இடம் எண்டு கோடு போட்டு, சத்தமான நிமிசங்களுக்குச் சிவப்புப் பூசுங்கோ. ஒரு அறை சிவப்பா இருக்கேக்க மற்ற ரெண்டிலயும் முழு அமைதி வரக்கூடாது. பெட்டி இழுக்கிறது, தேங்காய் துருவுறது மாதிரிக் கை வேலையை அந்த நிமிசத்துக்கு நகர்த்துங்கோ.

கனகராயன்கரை:

தொடுகையைப் பற்றி. பெல்ஜியத்தின்ர கெண்ட் நகரத்து ஒன்ட்ரூரென்ட் ஹூட் குழு ஒரு தனிப் பார்வையாளரின்ர கண்ணையும் கையையும் கட்டி, சில்லுக் கதிரையில வைச்சுத் தள்ளிக்கொண்டு போய் நாடகம் செய்தது. அதை வாசிச்சிட்டு இஞ்சயும் செய்யவேணுமெண்டு ஆசை வரும். வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். 2009இல, போரில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மனிக்பாம் முகாமில வரிசையில நிண்டு பேர் குடுத்த ஆக்கள் உங்கட ஆறு பேருக்குள்ள பெரும்பாலும் இருப்பினம்.

அதே காரணத்தால வாசலில கொப்பியோட ஒரு பாத்திரத்தை இருத்தி, பேரும் அடையாள அட்டை இலக்கமும் கேக்க விடாதேங்கோ. வேற ஊரில அது பார்வையாளரை உள்ள இழுக்கிற உத்தி. வன்னியில அது பதிவு. ஃபோனைப் பறிக்கவேண்டாம், நிப்பாட்டச் சொன்னாக் காணும். ரெண்டு ரெண்டு பேராப் பிரிக்கேக்க ஒண்டா வந்தவையைக் கேளாமல் பிரிக்காதேங்கோ, தாயும் பிள்ளையும் எண்டால் பிரிக்கவே வேண்டாம். கதவு ஒண்டும் பூட்டக்கூடாது. வெடிச் சத்தமும் திடீர் இருட்டும் வேண்டாம்.

தொடவேணுமெண்டால் நடிகர் தன்ர உள்ளங்கையை மேல் நோக்கி நீட்டி மனதுக்குள்ள அஞ்சு எண்ணோணும். கை வைச்சால் சரி. வைக்காட்டி அந்தக் கையாலயே பக்கத்தில இருக்கிற சீலையை எடுத்து மடிக்கட்டும், மறுத்தவருக்குக் கூச்சம் வராது. விறாந்தையில ஆளுக்கொரு சோகி குடுங்கோ. ஏலாதெண்டால் அதை நிலத்தில போட்டிட்டு எழும்பலாம், ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்.

களரிக்காரன்:

சோகி நல்ல யோசனை அக்கா, ஆனா பாயில விழுந்தால் சத்தம் வராது. சீமெந்து நிலம் தெரியிற மாதிரிப் பாயை ஒரு அடி உள்ள தள்ளிப் போடோணும். இல்லாட்டி கையை உயர்த்தினாலே காணும் எண்டு சொல்லிவிடுங்கோ.

முறிப்புக்காரி:

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொண்டு: நடிக்கிற பிள்ளையள் எல்லாம் கூத்தில வளந்ததுகள், குரல் இறங்குதில்லை. ஊர்ச்சனம் வேற நடுவில "பிள்ளை, கொம்மா சுகமோ?" எண்டு கேப்பினம். என்ன செய்யிறது?

நெத்தலியாறு:

கூத்தாடுற வட்டக்களரியில சனத்துக்கு மேலால எறியிற குரலை பத்தடி அறைக்குள்ள விட்டால் காது வலிக்கும். "மெல்லக் கதை" எண்டு சொன்னால் குரலோட சேர்ந்து உணர்ச்சியும் சுருங்கிடும். ஒத்திகையில எதிரில ஒரு ஆளை மூண்டடியில இருத்தி, அவரின்ர மடியில ஒரு பிள்ளை நித்திரை எண்டு நினைச்சுக் கதைக்க விடுங்கோ. ரெண்டு கிழமையில குரல் இறங்கும், மூச்சின்ர பலம் குறையாது. களரியில நாலு பக்கமும் பாத்து ஆடின பழக்கம் மட்டும் இருக்கட்டும். ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் இருந்தால் அது உதவும்.

கதைக்கிற ஆக்களோட மல்லுக்கட்டாதேங்கோ, அவையளுக்கு ஒரு வேலையிருக்கிற இடம் குடுங்கோ. ஏ/எல்லில நாடகமும் அரங்கியலும் படிச்ச பிள்ளையளுக்கு போலந்து நாடக நெறியாளர் கிரொட்டோவ்ஸ்கியைத் தெரியும். 1963இல அவர் 'டொக்டர் ஃபாஸ்டஸ்' செய்யேக்க பார்வையாளரை நீள மேசையில, ஃபாஸ்டஸின்ர கடைசி விருந்துக்கு வந்த ஆக்களா இருத்தினார். நீங்களும் அந்தத் தாயிட்டப் பயணம் சொல்ல வந்த அயலவை எண்டு விறாந்தையிலயே சொல்லிப்போடுங்கோ. பிறகு "கொம்மா சுகமோ" எண்டது நாடகத்துக்குள்ளயே வந்திடும். "சுகமா இருக்கிறா, இந்தச் சீலையின்ர மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ" எண்டு கையில குடுத்திடலாம்.

முழங்கால் ஏலாதவைக்கு ஒவ்வொரு இடத்திலயும் ஒரு பதிந்த கதிரை வையுங்கோ. இருக்கிறவரின்ர கண்ணும் நடிகரின்ர கண்ணும் ஒரே உயரத்தில வரோணும்.

கனகராயன்கரை:

ஆனியில சோளகக் காத்து அடிக்கும். கதவு படாரெண்டு சாத்தினால் ஆறு பேரும் திடுக்கிடுவினம். கதவுக்குக் கீழ துணி சுத்தின கல் வையுங்கோ, விளக்கை யன்னல் நேருக்கு வைக்காதேங்கோ. தகரக் கூரையெண்டால் பொழுதுபட்டுச் சூடு ஆறேக்க டக், டக் எண்டு சொடுக்கும். முதல் ஆட்டத்தில அது கேக்கும், விறாந்தையிலயே "கூரை ஆறுது" எண்டு தாய் ஒரு தரம் சொல்லிவிடட்டும்.

வெளிச்சத்துக்கு மஞ்சள் பல்ப் போடுங்கோ, வெள்ளைக்குப் பூச்சி கூட வரும். சாதாரண எல்ஈடியை டிமரில போட்டால் துடிக்கும். வெளியில இருந்து வந்த கண் முழுசா இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வரை எடுக்கும். அதால விறாந்தையின்ர 7 நிமிசமும் அறையை விடக் கொஞ்சம்தான் வெளிச்சமா இருக்கோணும். கரண்ட் நிண்டால் எரியிறதுக்கு ஒரு சார்ஜ் லைட் எப்பவும் பத்தியில இருக்கட்டும்.

கடைசியா, பார்வையாளருக்குக் குடுக்கிற சாமான். 48 பேருக்கு 48, உடைஞ்சால் மாத்த இன்னும் ஆறு. புதுசு வாங்கினால் கதை நிக்காது, பழசு சேர்க்கோணும். ஆனா சேர்க்கிற ஒவ்வொண்டையும் கவிட்டுப் பாருங்கோ. பேர் வெட்டின சருவமோ செம்போ இருந்தால் எடுத்து வையுங்கோ. இடம்பெயர்வில விட்டிட்டு வந்த தன்ர வீட்டுச் சாமானை அதில ஒரு ஆள் அடையாளம் கண்டால், அந்த வேளை உங்களால நாடகத்தை நடத்தவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது.