உழைப்பாளர் சிலை முன்னால் எடுத்த பழைய படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். மெரினா உழைப்பாளர் சிலையைப் பற்றிப் படங்களும் நினைவுகளும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், குறிப்பாக அது நிறுவப்பட்ட 1959-லிருந்து எழுபதுகள் வரைக்கும். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் அவர் கைவேலைதான். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடிய ஊரில் இப்படி ஒரு சிலை அமைந்தது எனக்கு எப்போதுமே பெருமை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அப்பா கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு பீடத்தருகே நிற்கிறார், பின்னால் சிலையின் அந்த நான்கு உழைப்பாளர்களும் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள், முதுகு வளைந்து, கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்து. படத்தின் ஓரம் செல்லரித்துவிட்டது. சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் பாறை இன்றைக்காவது நகருமா என்று கேட்பேனாம், அம்மா இன்னும் சொல்கிறார்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஏதாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேன் செய்தோ போனில் படம் எடுத்தோ இங்கே போடுங்கள். எடுத்த வருடம் தோராயமாகத் தெரிந்தால் எழுதுங்கள், பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஓவியக் கல்லூரியில் படித்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், அப்புறம் என்று தள்ளிப் போடாமல் இந்த வாரமே கேட்டுச் சொல்லுங்கள், ப்ளீஸ்.