மைன்கிராஃப்டில் டி-34-85: முன்தகடு படிக்கட்டு மாதிரி இருக்கு, சக்கரம் சதுரமா இருக்கு

களிமண்கோட்டை

ஜாவா எடிஷன் 1.20, கிரியேட்டிவ். 1944 மாடல் சோவியத் டாங்கி டி-34-85 கட்டுறேன். அளவு: 1 பிளாக் = 25 செ.மீ. அந்தக் கணக்கில் உடல் நீளம் 24, அகலம் 12, உயரம் 11 வருது. நாலு இடத்தில் மாட்டிக்கிட்டேன்.

ஒன்று, சக்கரம். 3 பிளாக் விட்டம்தான் கிடைக்குது. மூலையை வெச்சா சதுரம், எடுத்தா கூட்டல் குறி.

இரண்டு, முன்தகடு. ஸ்டெயர் (படி வடிவ பிளாக்) வெச்சா 45 டிகிரி ஆகி மூக்கு செங்குத்தா நிக்குது. நிஜ டாங்கியில் அது நல்லா படுத்திருக்கும்.

மூன்று, நிறம். கிரீன் டெரகோட்டா ரொம்பப் பொருத்தம், ஆனா அதில் ஸ்லாபும் (அரை உயர பிளாக்) இல்லை ஸ்டெயரும் இல்லை. சாய்வு வர்ற இடமெல்லாம் டார்க் பிரிஸ்மரைன் போட்டேன், மீன் தொட்டி மாதிரி நீலம் அடிக்குது.

நாலு, டரெட்டை (பீரங்கி இருக்கும் மேல் கூண்டை) பிஸ்டன், ஸ்லைம் பிளாக் வெச்சுத் திருப்ப வழி உண்டா?

பக்கவாட்டில் ஐந்து சக்கரம் வெச்சிருக்கேன். படத்தில் ஒரு இடைவெளி பெருசாத் தெரிஞ்சதால் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அதை விட்டிருக்கேன். அது சரிதானே?

---

ஆறுபிளாக்மீட்டர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் பெரிய பிழை. 1-க்கும் 2-க்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அது பிந்தைய சோவியத் டாங்கிகளான டி-54, டி-55. டி-34-இல் அது 2-க்கும் 3-க்கும் நடுவே. டாங்கி பார்த்துப் பழகியவர்கள் டரெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கர வரிசையைத்தான் பார்ப்பார்கள். அங்கே தவறினால் மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் பயனில்லை.

சக்கரம் சதுரமாவதற்குக் காரணம் உங்கள் கைத்திறன் இல்லை, அளவு. நிஜச் சக்கரத்தின் விட்டம் 83 செ.மீ. 25 செ.மீ. பிளாக்கில் அது 3.3. மூன்று கட்டத்தில் வட்டம் வரையவே முடியாது. மீட்டருக்கு 6 பிளாக் என்று மாற்றுங்கள், அதாவது 1 பிளாக் = 16.7 செ.மீ. இந்த டாங்கிக்கென்றே அளந்து வைத்ததுபோல் எல்லாம் வந்து உட்காரும்:

உடல் நீளம் 6.10 மீ. = 37 பிளாக்
அகலம் 3.00 மீ. = 18
உயரம் 2.72 மீ. = 16
சக்கரம் 0.83 மீ. = 5
டிராக் (சங்கிலிப் பட்டை) அகலம் 0.50 மீ. = 3
குழல் முன்னோக்கி இருக்கும்போது மொத்த நீளம் 8.10 மீ. = 49; ஆக, உடலைத் தாண்டிக் குழல் 12 பிளாக் நீட்டும்

அகலத்தை 3 + 12 + 3 என்று பிரியுங்கள். நடு 12 தொட்டி (உடலின் கீழ்ப்பகுதி), இரு ஓரமும் டிராக்.

சக்கரம்: 5×5 கட்டத்தில் நான்கு மூலையையும் எடுத்துவிடுங்கள், 21 பிளாக் மிஞ்சும். மூலையில் ஸ்டெயர் வைத்து மழுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். 5 விட்ட வட்டம் மூலைக் கட்டத்துக்குள் நுனி மட்டுமே நுழைகிறது, முக்கால் பிளாக் பருமனுள்ள ஸ்டெயர் வைத்தால் மறுபடி சதுரம்தான். வெளி விளிம்பு 12 பிளாக் ரப்பர், அதற்குக் கறுப்பு கான்கிரீட். உள்ளே 9 பிளாக் கிரீன் டெரகோட்டா. நடுவில் ஒரு ஸ்டோன் பட்டன் ஒட்டினால் அச்சு மூடி.

ஒவ்வொரு சக்கரமும் இரட்டைத் தட்டு. டிராக்கின் 3 பிளாக் அகலத்தில் தட்டு, காலி, தட்டு என்று வையுங்கள். அந்தக் காலி இடத்தில்தான் டிராக்கின் பல் ஓடும். 10 சக்கரம், 20 தட்டு: கறுப்பு 240, பச்சை 180.

இடைவெளி முன்னிருந்து 1, 2, 1, 1. மொத்தம் 30 பிளாக். கறாராக அளந்தால் இது நிஜத்தைவிட ஒன்றிரண்டு பிளாக் நீளம்தான், ஆனால் இடைவெளியே விடாமல் ஒட்டினால் தூரத்திலிருந்து ஐந்தும் ஒரே சுவராகத் தெரியும். முன்னால் வெறுமனே சுழலும் சக்கரம், பின்னால் இழுக்கும் சக்கரம். இரண்டும் தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்க வேண்டும். எஞ்சினோடு கியர்பெட்டியும் பின்னால் இருப்பதால் இழுப்பது பின்சக்கரம். அமெரிக்க டாங்கியான ஷெர்மனில் முன்சக்கரம் இழுக்கும், படம் தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.

டிராக்கில் ஒரு கண்ணியின் நீளம் 17.2 செ.மீ., கிட்டத்தட்ட சரியாக ஒரு பிளாக். ஒரு பக்கத்துக்கு 72 கண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றில் பல். ஆகவே பாலிஷ்ட் டீப்ஸ்லேட், டீப்ஸ்லேட் டைல் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தாலே கண்ணிகள் பிரிந்து தெரியும். சுற்றி எண்ணும்போது 75-ஐ ஒட்டி வந்தால் சரி, 80-ஐ நெருங்கினால் முன்சக்கரத்தை மிகவும் தள்ளி வைத்திருக்கிறீர்கள். டி-34-இல் மேலே தாங்குருளை கிடையாது. மேல் டிராக் சக்கரங்களின் தலையிலேயே படுத்துக் கிடக்கும். நேர்கோடாக அந்தரத்தில் இழுத்தால் வேறு டாங்கி ஆகிவிடும்.

குழல் 1 பிளாக் கனம் போதும். நுனியில் எதுவும் மாட்டாதீர்கள். இந்த 85 மி.மீ. பீரங்கிக்கு முகப்பில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் நுனிக் குமிழ்) இல்லை. நுனியில் பாலிஷ்ட் பிளாக்ஸ்டோன் பட்டன் ஒன்று, குழல் துளைக்கு.

---

வெண்பூச்சு

நிறப் பிரச்சினைக்குக் குறுக்கு வழி: குளிர்கால டாங்கியாகக் கட்டிவிடுங்கள். வெள்ளைச் சுண்ணம் பூசிய டி-34 நிறைய உண்டு. ஸ்மூத் குவார்ட்ஸில் ஸ்லாப், ஸ்டெயர் இரண்டும் இருக்கு. விளிம்பிலும் கதவு ஓரத்திலும் அங்கங்கே கிரீன் டெரகோட்டா விட்டால் பூச்சு உரிந்த மாதிரி வரும்.

சாய்வுக்குப் பனி அடுக்கு. ஒரு பிளாக்கில் 8 அடுக்கு, அதனால் வழுவழுப்பாக ஏறும். முன்தகடு செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு, அதாவது தரையிலிருந்து 30 டிகிரி. பிளாக்குக்கு 5, 4, 5, 4, 5 அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட அச்சாக அந்தக் கோணம்.

---

ரேடியன்

வெண்பூச்சு சொன்ன கோணக் கணக்கு சரி, "வழுவழுப்பு" சரியில்லை. 5 பிளாக்கில் 23 அடுக்கு, 29.9 டிகிரி, மறுப்பில்லை. ஆனால் பனி அடுக்கு உயரத்தைத்தான் எட்டாகப் பிரிக்கிறது, அகலத்தைப் பிரிப்பதில்லை. ஒரு பிளாக் அகலத்துக்கு ஒரே படி, அரை பிளாக்குக்குச் சற்று மேல் உயரம். ஸ்லாப் போட்டாலும் கண்ணுக்கு அதே படிதான். பக்கத்தில் விளக்கோ டார்ச்சோ வைத்தால் பனி உருகவும் செய்யும், பிளாக் ஒளி 12 எட்டினால் போச்சு.

பனி வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்லாப் கணக்கு: 7 பிளாக் முன்னே, 4 பிளாக் மேலே. ஆறு இடத்தில் அரைப் படி, ஓரிடத்தில் முழுப் படி. 29.7 டிகிரி. எல்லாமே அரைப் படியாக விட்டால் 26.6 டிகிரி, மூக்கு சப்பையாகத் தெரியும். அந்த முழுப் படியைத் தகட்டின் அடியிலோ உச்சியிலோ வையுங்கள், நடுவில் வைத்தால் குறுக்கே கோடு போட்டதுபோல் இருக்கும்.

மேல் உடலின் பக்கத் தகடு 40 டிகிரி சாய்வு, அதாவது தரையிலிருந்து 50. அதற்கு 6 ஏறி 5 உள்ளே. முழு பிளாக்கே போதும், ஸ்லாப் தேவையில்லை.

படியே தெரியக்கூடாது என்றால் பிளாக் டிஸ்ப்ளே. 1.19.4-இலிருந்து ஜாவாவில் இருக்கிறது. கிரீன் டெரகோட்டாவையே எடுத்து, தகடு மாதிரி தட்டையாக்கி, 30 டிகிரி சாய்த்து ஒட்டலாம். உங்கள் முதல் மூன்று கேள்விகளில் இரண்டு இதிலேயே தீரும். செய்யும் முறை:

சம்மன் கட்டளையில் பிளாக் டிஸ்ப்ளேவை அழைத்து, டிரான்ஸ்ஃபர்மேஷனில் அளவை மூன்று எண்ணாகக் கொடுக்க வேண்டும்: அகலம், கனம், சாய்ந்த நீளம். 7 முன்னே 4 மேலே போகும் துண்டுக்குச் சாய்ந்த நீளம் 8.06. கனம் 0.3 வைத்தால் போதும். சுழற்சியை லெஃப்ட் ரொட்டேஷனில் கொடுங்கள். ரைட் ரொட்டேஷன் அளவு மாற்றத்துக்கு முன்பே நடந்துவிடும் என்பதால், அங்கே கொடுத்தால் தகடு சாய்வதற்குப் பதில் கோணலாகச் சிதையும். டாங்கி வடக்கோ தெற்கோ பார்த்து நின்றால் எக்ஸ் அச்சு, கோணம் 0.5236. டிகிரி இல்லை, ரேடியன். 30 என்று போட்டுவிட்டுத் தகடு எங்கேயோ பார்த்து நிற்கிறதே என்று கேட்பவர்கள்தான் அதிகம். நான்கு எண் வடிவில் கொடுப்பதானால் 0.2588, 0, 0, 0.9659. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் முதல் எண்ணுக்கு மைனஸ்.

இதில் சறுக்கும் இடங்கள்:

சுழற்சி பிளாக்கின் நடுவிலிருந்து நடக்காது, மூலையிலிருந்து நடக்கும். கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொண்டு, அந்த மூலையைத் தகட்டின் கீழ் விளிம்பில் வைத்துவிட்டால் இடமாற்றக் கணக்கே வேண்டாம்.

தகடு கன்னங்கரேலென்று வந்தால் அழைத்த புள்ளி ஒரு திடப் பிளாக்குக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்ப்ளே தன் புள்ளியின் ஒளியைத்தான் எடுக்கும். புள்ளியை வெளியே இழுங்கள், அல்லது பிரைட்னஸில் ஸ்கை, பிளாக் இரண்டுக்கும் 15 என்று கொடுங்கள். பிந்தையதில் இரவிலும் தகடு மட்டும் பகல்போல் பளிச்சென்று இருக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை.

தகடும் அடியிலுள்ள பிளாக்கும் ஒரே தளத்தில் இருந்தால் மினுமினுக்கும். 0.01 தூக்கிவிடுங்கள்.

மோதல் கிடையாது, ஆள் உள்ளே நுழைந்துவிடுவார். அடியில் கண்ணுக்குத் தெரியாத பேரியர் பிளாக்கைப் படியாக அடுக்குங்கள்.

இழுத்தால் டெக்ஸ்சரும் இழுபடும். டெரகோட்டா வெறும் சமநிறம் என்பதால் தெரியாது. பலகையோ செங்கல்லோ இருந்தால் அசிங்கமாகத் தெரியும்.

---

களிமண்கோட்டை

டி-54 விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. எல்லாத்தையும் இடிச்சிட்டு மீட்டருக்கு 6 கணக்கில் தொடங்குறேன். இரண்டு கேள்வி. தம்பி பெட்ராக் எடிஷனில் இதையே கட்டணும்னு கேக்குறான், அங்கே டிஸ்ப்ளே இருக்கா? டரெட் திருப்புறது பத்தி யாரும் சொல்லலையே?

---

பனிரெண்டுக்குமேல்போகாது

டரெட்டை மறந்துடுங்க ப்ரோ. பிஸ்டன் பிளாக்கை நேர்கோட்டில் தள்ளும், சுழற்றாது. ஒரு பிஸ்டன் அதிகபட்சம் 12 பிளாக், ஸ்லைமில் ஒட்டி வர்றதும் அந்தப் 12-க்குள்தான். உங்க குழலே 12 நீட்டிக்கிட்டு நிக்குது. டாங்கியையே ஸ்லைம் வெச்சு நகர்த்துற வீடியோ பாத்துட்டு வர்றவங்களுக்கும் இதே பதில்: அதெல்லாம் பொம்மை சைஸ்.

நடக்கக்கூடியது ஸ்ட்ரக்சர் பிளாக். டரெட்டைத் தனியா சேவ் பண்ணி, லோட் பண்ணும்போது 90, 180, 270-னு திருப்பி வைக்கலாம். வரம்பு ஒவ்வொரு பக்கமும் 48. குழலோட முழு டாங்கி 49! ஒரே ஒரு பிளாக் வெளியே நிக்கும், குழல் நுனி வெட்டுப்பட்டு சேவ் ஆகும். அதனால் உடல் ஒரு ஃபைல், டரெட் ஒரு ஃபைல்.

திருப்பும்போது டரெட் இடம் மாறாம இருக்கணும்னா சுழலும் நடு சரியா அமையணும். டி-34-85-இல் டரெட் உட்கார்ந்து சுழலும் வளையம் 1600 மி.மீ., அதாவது 9.6 பிளாக். 10 வைங்க, 9 வேண்டாம். உடல் அகலம் 18 இரட்டைப்படை, வளையமும் இரட்டைப்படையா இருந்தாத்தான் நடுக்கோடு ஒத்துப்போகும். ஆனா குழல் 1 பிளாக் கனம், நடுக்கோட்டிலிருந்து அரை பிளாக் தள்ளித்தான் நிக்கும். அது உறுத்தினா உடலை 17 ஆக்கணும், தொட்டி 11, வளையம் 9. நான் 18-லயே விடுவேன், பக்கத்தில் போய் எண்ணினாத்தான் தெரியும்.

---

ஆறுபிளாக்மீட்டர்

தொட்டியை 11 ஆக்கினால் முன்தகட்டில் ஓட்டுநர் கதவுக்கும் எந்திரத் துப்பாக்கிக்கும் இடம் நெருக்கும். கதவு ஓட்டுநருக்கு இடப்பக்கம், துப்பாக்கி வலப்பக்கம். 18-தான் என் வாக்கும்.

டரெட் கூரையில் 1944-க்கு இரண்டு காற்றோட்டக் குமிழ் மூடிகள், பின்பக்கம் அருகருகே. ஒன்று முன்னால் ஒன்று பின்னால் பிரிந்திருப்பது பிந்தைய வகை. படம் எடுக்கும்போது எந்த வருடத்து டாங்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தில் நிற்பவற்றில் பல போருக்குப் பிறகு திருத்தப்பட்டவை.

வரைபடத்தைப் பிளாக்காக்க எளிய வழி: பக்கவாட்டு வரைபடத்தை, உடல் மட்டும் 37 பிக்சல் நீளம் வருமாறு சுருக்கிவிட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பிக்சல் ஒரு பிளாக். சுருக்கும்போது மழுப்பாத முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் சாம்பல் பூசி எது உடல் எது வெளி என்று தெரியாது.

---

ரேடியன்

பெட்ராக்கில் பிளாக் டிஸ்ப்ளே இல்லை. தம்பிக்கு 7-க்கு 4 ஸ்லாப் கணக்குத்தான் வழி. பச்சைதான் வேண்டும் என்றால் முழு டெரகோட்டாவில் படி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். அடர்ந்த சமநிறத்தில் படியின் நிழல் அவ்வளவாக எடுபடாது. படியின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து மறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், முழு பிளாக் மேல் பரவாயில்லை. கீழ்ப்பாதி ஸ்லாப் மேல் போட்டால் அரை பிளாக் உயரத்தில் அந்தரத்தில் மிதக்கும்.

---

கள்ளிக்காடு

தம்பி சர்வைவலில் (பொருளையெல்லாம் தானே சேர்க்கும் முறையில்) கட்டுகிறாரா? அப்படியானால் செலவுக் கணக்கு இது. 8 டெரகோட்டாவுக்கு 1 பச்சைச் சாயம். 2000 பச்சை பிளாக் என்று வைத்தால் 250 சாயம், அதாவது 250 கள்ளியை உலையில் சுட வேண்டும். 1 கரி 8 சுடும் என்பதால் 32 கரி. டெரகோட்டாவைக் களிமண் சுட்டுச் சேர்க்க நினைக்காதீர்கள். அதற்கே இன்னொரு 250 கரி போகும், களிமண் உருண்டை 8000 வேண்டும். டெரகோட்டா இயற்கையாகவே கிடைக்கும் பேட்லாண்ட்ஸ் மலையில் மண்வெட்டி இல்லை, பிக்காக்ஸ் எடுத்துப் போய் வெட்டுங்கள். அங்கே ஏற்கெனவே வண்ணம் ஏறிய பட்டைகளை விட்டுவிட்டுச் சாயமில்லாத டெரகோட்டாவை மட்டும் எடுக்க வேண்டும், வண்ணம் ஏறியதை மறுபடி சாயம் போட முடியாது.