பிரான்சின் ஆளரவமற்ற நாட்டுப்புறச் சாலைகள்: சைக்கிளில் சென்றவர்களின் அனுபவங்கள்

பாரிஸ் புறநகரிலிருந்து:

பிரான்சில் வாகன நெரிசல் இல்லாத சாலை எது என்று யார் கேட்டாலும், பலரும் லுவார் ஆற்றங்கரைப் பாதையைத்தான் கைகாட்டுகிறார்கள். ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை அழகானதுதான். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே இறங்கினால், மாளிகைகளைப் பார்க்க வந்த குடும்பங்களுக்கு மணியடித்து மணியடித்தே பாதிப் பயணம் கழிந்துவிடும். நான் இங்கே எழுத விரும்புவது, சுற்றுலாக் கையேடுகள் அதிகம் கண்டுகொள்ளாத கிரூஸ் மாவட்டத்தைப் பற்றி. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் லிமோஜ் பக்கம் போகும் தொடருந்தில், 10 யூரோ கொடுத்துச் சைக்கிளுக்கு இடம் பதிந்துகொண்டு ஏறி, லா சூத்தெரேன் நிலையத்தில் இறங்கினால் போதும். நிலையத்தை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே வேலிகளும் மேய்ச்சல் நிலங்களும், செம்பழுப்பு நிற லிமூசான் மாடுகளும் தொடங்கிவிடும்.

அங்கிருந்து பெனெவான், பூர்கனெஃப், ருவாயேர் வழியாக வசிவியேர் ஏரிக்கு ஏறி, பிறகு ஜாந்தியூ, ஃபெல்த்தான் ஊர்களைத் தொட்டு ஓபுசோனில் இறங்குவது என் வழக்கமான பாதை. பூர்கனெஃப் தாண்டி மில்வாஷ் மேட்டை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கிய பின், எதிரே வருவது பெரும்பாலும் தபால்காரரின் மஞ்சள் வண்டியாகத்தான் இருக்கும். இந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. கிரூஸின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்களாகப் பாரிசுக்கும் லியோனுக்கும் போனவர்கள். முதலில் பனிக்காலத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், பிற்பாடு நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த மாவட்டத்தில், இன்று ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். சாலை காலியாக இருப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் வழியில் கடை இல்லாததற்கும் காரணம் என்பதை இங்கே வருபவர்கள் முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும். ஆகவே, இந்தப் பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று திட்டமிடுவதைவிட, பாணும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று திட்டமிடுவதே முக்கியம். பாண் கடைகள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்றக் கடைகளும் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டு மணிக்கு முன் திறப்பதில்லை. சில ஊர்களில் நாணயம் போட்டால் நீளப் பாணைத் தள்ளும் இயந்திரம் மட்டும் சுவரோரமாக நிற்கும். அதில் காலையிலேயே தீர்ந்துபோவதும் உண்டு.

தண்ணீர் விடயத்தில் எனக்கு உதவிய ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருவாயேருக்குக் கீழே ஒரு சிற்றூரில், இரண்டு போத்தல்களும் காலியாகி, உணவகமும் அடைத்திருந்த நடுப்பகலில், வீட்டு வாசலில் பூச்செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்த அவரிடம் தண்ணீர் கேட்டேன். அவர் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தைக் காட்டி, வாயிலின் இடப்புறம் குழாய் இருக்கிறது என்றார். இடுகாட்டிலிருந்து வந்தால் வாசலில் கால் கழுவி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று வளர்ந்த எனக்கு, உள்ளே போய்க் குடிநீர் பிடிப்பது சற்றே நெருடியது. என் தயக்கம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே கூட வந்து, குடிக்கத் தகாதது என்ற பலகை ஏதும் குழாயருகே இல்லை என்பதை விரலால் சுட்டிக் காட்டி, பிடியை அழுத்தித் திருகிவிட்டார். கல்லறைகளில் வைக்கும் பூச்செடிகளுக்கு நீரூற்றுவதற்காக ஏறக்குறைய எல்லா ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் குழாய் உண்டென்றும், உறைபனிக் காலத்தில் மட்டும் அதை அடைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். வரைபடத்தில் சிலுவைக் குறிகளுடன் தெரியும் அந்தச் சிறு சதுரங்களைத்தான் இப்போது நான் முதலில் தேடுகிறேன்.

ஜாந்தியூவைக் கடப்பவர்கள் அங்குள்ள போர் நினைவுச்சின்னத்தருகே ஐந்து நிமிடம் இறங்க வேண்டும். வீரர் சிலைக்குப் பதிலாக, அநாதையாக்கப்பட்ட ஒரு பள்ளிச் சிறுவன், போரைச் சபிக்கும் வரியை நோக்கி, இறுக மூடிய கைமுட்டியை உயர்த்தி நிற்கிறான்.

லியோனிலிருந்து:

மேலே நண்பர் எழுதியது முற்றிலும் சரி. அத்துடன், இத்தகைய சாலைகளை வரைபடத்தில் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்துவிடுகிறேன். மிஷ்லேன் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் சிவப்புக் கோடு பெருஞ்சாலை, மஞ்சள் இடைநிலைச் சாலை, வெள்ளை சிறு சாலை. வெள்ளைக் கோடுகளை மட்டும் ஒன்றோடொன்று கோத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட முடிகிறது என்றால், அதற்கு 1836ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஊரையும் ஊரையும் இணைக்கும் பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பை அந்தச் சட்டம் கம்யூன்கள் எனப்படும் ஊராட்சிகளின் தலையில் வைத்தது. பணம் போதாவிட்டால் ஊர் மக்களின் உடலுழைப்பைக் கேட்டுப் பெறவும் இடம் கொடுத்தது. இன்றும் நாட்டில் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் இருப்பதால், பத்து வீடுகளுக்குக்கூடத் தார்ச்சாலை போய்ச் சேர்கிறது. கோட்டின்மேல் சிறு அம்புக்குறிகள் இருந்தால் ஏற்றம் என்று பொருள்: ஒன்று என்றால் 5 முதல் 9 விழுக்காடு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். மூன்று குறிகளைப் பார்த்தும் மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பக்கம் திரும்புவது அவரவர் துணிச்சல்.

தனிச் சைக்கிள் பாதைகளில் பர்கண்டியின் ஜிவ்ரி–குளுனி பாதையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பழைய இரயில் தடத்தின்மேல் 1997இல் திறக்கப்பட்ட அது, இந்நாட்டில் அவ்வகையில் முதலாவது. குளுனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள புவா-கிளேர் சுரங்கப்பாதையும் இருக்கிறது. கோடை வெயிலிலும் அதற்குள் மேற்சட்டை வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுகிறார்கள். இருந்தாலும், ஞாயிறன்று உருளைச் சறுக்குக்காரர்களும் குழந்தைகளும் நிறைந்திருக்கும் அந்தப் பாதையைவிட, அதற்கு மேற்கே கிடக்கும் பிரியோனே பகுதியின் வெள்ளைக் கோடுகளே எனக்கு உகந்தவை. மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பழைய ரோமனெஸ்க் கட்டடப் பாணித் தேவாலயங்கள் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அவற்றுக்கிடையே முழுக்க வெள்ளை வெளேரென்ற ஷரொலே மாடுகள்.

சென்ற முறை செமூர்-ஆன்-பிரியோனே அருகே ஒரு வளைவில் திரும்பியதும், விவசாயி ஒருவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மேய்ச்சல் மாற்றுவதற்காக மாடுகளைச் சாலை வழியே ஓட்டி வருவதாகவும், வலப்புறம் பிரியும் சிறு சந்தினை அடைக்க ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டு, என் சைக்கிளைச் சந்தின் குறுக்கே நிறுத்தி அதன் பின்னால் நிற்கும்படி கேட்டுக்கொண்டார். வந்தவை முப்பது நாற்பது இருக்கும். முன்னால் வந்த பசு என் மஞ்சள் தலைக்கவசத்தைக் கண்டு நின்றுவிட, பின்னால் வந்தவை அதை முட்ட, எல்லாமாகச் சேர்ந்து என்னையே பார்த்தன. தலைக்கவசத்தைக் கழற்றுங்கள் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கழற்றியதும் அவை தம்போக்கில் நகர்ந்துவிட்டன. மந்தை கடக்கும்போது வழியில் எதிர்ப்பட்டவர் அதை ஊடுருவிப் போக முயலாமல், இறங்கி ஓரமாக அசையாமல் நிற்பதே முறை. மணி அடிப்பது கூடவே கூடாது.

கோடையில் வேறொரு தொல்லை உண்டு. இச்சாலைகளைச் செப்பனிடுபவர்கள் தார் தெளித்து அதன்மேல் பொடி ஜல்லியை இறைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வண்டிகள் ஓடி ஓடித்தான் அது அழுந்த வேண்டும். வண்டியே ஓடாத சாலையில் எப்போது அழுந்துவது? எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

துலூஸிலிருந்து:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். ஜேர் மாவட்டத்தில் மலையே இல்லை என்று எண்ணி வந்துவிடாதீர்கள். ஆறுகள் தெற்கிலிருந்து வடக்காக விசிறி மடிப்புப்போல் ஓடுவதால், கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் உறுதி. முகடுகளின்மேல் வடக்கு தெற்காகப் போகும் சாலைகளைத் தேர்ந்தெடுத்தால், இருபுறமும் சூரியகாந்தி வயல்களைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்காமல் போகலாம். வட்ட வடிவில் கட்டப்பட்ட ஃபூர்செஸ் ஊரைத் தவறவிடாதீர்கள்.

கிரெனோபிளிலிருந்து:

வாகனங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அவை வராததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அதற்காகச் சாலை நடுவே வரைந்த தொடர்கோட்டைத் தாண்டவும் ஓட்டுநருக்கு அனுமதி உண்டு. என் அனுபவத்தில் நாட்டுப்புற ஓட்டுநர்கள் நகரத்தாரைவிட இதை நன்றாகவே பின்பற்றுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை நாய்கள்தாம். ஓநாய்கள் திரும்பி வந்த பிறகு, ஆட்டு மந்தைகளோடு பட்டு எனப்படும் பெரிய வெள்ளைக் காவல் நாய்களை விடுகிறார்கள். வெர்கோர் மலைப்பகுதியின் தெற்கே மெனே கணவாய்க்கு ஏறும் சாலையில், அப்படி ஒரு நாய் புல்வெளியிலிருந்து பாய்ந்து வந்து சாலை நடுவே நின்றது. வேகமாக ஓடும் எதையும் அது பகையாகவே கருதும் என்பதால், இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவே வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் சாதாரணக் குரலில் பேசியபடி நடந்தேன். பேசியது தமிழில்தான்; அதற்கு மொழி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மந்தையின் எல்லை முடியும்வரை கூடவே வந்து, பிறகு திரும்பிவிட்டது. சிறிது தொலைவில் அமர்ந்திருந்த மேய்ப்பர், தாம் குரல் கொடுத்திருந்தால் நாய் இன்னும் விறைத்திருக்கும் என்று விளக்கினார்.

இலையுதிர் காலத்தில் வருபவர்களுக்கு இன்னொன்று. செப்டம்பரில் தொடங்கும் வேட்டைக் காலம் பிப்ரவரி இறுதிவரை நீளும். ஒரு ஞாயிறு காலை, வேட்டை நடக்கிறது என்ற பலகைக்கு அப்பால், செம்மஞ்சள் அங்கியோடு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவரிடம், இந்த வழியே போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் நண்பகலுக்குப் பிறகு போனால் இருவருக்குமே நல்லது, எப்படியும் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவோம் என்றார். அதன்பின் அக்டோபர் ஞாயிறுகளில் மதிய உணவை முடித்துக்கொண்டே கிளம்புகிறேன். மாத இறுதியில் கடிகாரத்தைப் பின்வைத்ததும் பொழுது விரைவில் சாய்ந்துவிடுவதால், தூரத்தைக் குறைத்துக்கொள்வதோடு, விளக்குகளையும், ஊருக்கு வெளியே இருட்டில் சட்டப்படி அணிந்தாக வேண்டிய ஒளிரும் அங்கியையும் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.