விலங்குகளைப் படமெடுக்கச் சிறிய கேமரா: ஜூம் பெரிதா, சென்சார் பெரிதா?

கேள்வி:
விடுமுறைப் பயணத்தில் காட்டு விலங்குகளைப் படமும் காணொளியும் எடுக்க, சட்டைப்பையில் அடங்கும் கேமரா ஒன்றைத் தேடுகிறேன். கேனான் எஸ்எக்ஸ்740-இல் 40 மடங்கு ஜூம் இருக்கிறது. பானசோனிக் டிஇசட்200-இல் 15 மடங்குதான். ஆனால் விலையோ அதிகம். குறைந்த ஜூமுக்குக் கூடுதலாக ஏன் செலவழிக்க வேண்டும் என்பது விளங்கவில்லை.

மறுமொழி 1:
அந்தக் கூடுதல் விலை சென்சாருக்கானது, அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லுக்கானது, நண்பரே. டிஇசட்200-இன் 1 அங்குல சென்சாருடைய பரப்பு, எஸ்எக்ஸ்740-இல் உள்ள 1/2.3 அங்குல சென்சாரைப் போல ஏறத்தாழ 4 மடங்கு. விலங்குகள் பல விடியற்காலையிலும் அந்தி சாயும் வேளையிலுமே நடமாடுகின்றன. அந்த மங்கலில், முழு ஜூமில் அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு; எண் கூடினால் ஒளி குறையும்) எஃப்/6.9 ஆகிவிட்ட எஸ்எக்ஸ்740, போதாத வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓ-வை, அதாவது ஒளியுணர்திறனை, ஏற்றும்; அப்போது நுண்விவரங்கள் குலையும். படத்தில் மான் இருக்கும், அதன் ரோமம் மெழுகிவிட்டாற்போல் இருக்கும். டிஇசட்200-உம் முழு ஜூமில் எஃப்/6.4 தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைக் காப்பாற்றுவது சென்சாரின் அளவே.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே என்றாலும், பறவைகளை எடுப்பதாக இருந்தால் நான் உடன்பட மாட்டேன். டிஇசட்200-இன் குவியத் தொலைவு எட்டுவது 360 மி.மீ. வரை (இந்த எண் கூடக்கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்), தொலைவிலுள்ள கிளையில் அமர்ந்த மீன்கொத்தி அதில் ஒரு நீலப் புள்ளியாகத்தான் தெரியும். எஸ்எக்ஸ்740 960 மி.மீ. வரை எட்டினாலும் அதில் வியூஃபைண்டர் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு சாளரம்) இல்லை. அவ்வளவு ஜூமில் கேமராவைக் கை நீட்டிப் பிடித்து, வெயிலில் வெளிறிய திரையைப் பார்த்துக்கொண்டு பறவையைத் தேடுவது பெரும்பாடு. 720 மி.மீ. எட்டும் சோனி எச்எக்ஸ்99-இல் வியூஃபைண்டர் உண்டு. அதன் சென்சாரும் சிறியதுதான். எதை வாங்கினாலும் டிஜிட்டல் ஜூமை முதலில் அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதில்லை.

மறுமொழி 3:
காணொளியைப் பற்றி ஒன்று. டிஇசட்200-இல் 4கே எனும் உயர்தெளிவுப் பதிவின்போது சட்டகம், அதாவது படத்தில் அடங்கும் காட்சி, குறுகும். விலங்குகளை எடுக்க அது ஒருவகையில் ஆதாயமே, அவை இன்னும் நெருக்கமாகத் தெரியும். பதிவின் நடுவே ஜூம் செய்தால் மோட்டாரின் முனகல் ஒலியில் விழக்கூடும் என்பதால், சட்டகத்தை முன்பே தீர்மானித்துக்கொண்டு, முழங்கைகளை எதன்மீதாவது ஊன்றிப் பதிவு செய்யுங்கள். தனி மைக் செருக வேண்டுமானால் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஐப் பாருங்கள்; ஆனால் அது 200 மி.மீ.-இலேயே நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நான் எடுக்க நினைப்பது யானை, மான் போன்ற பெரிய விலங்குகளையே. அதிலும் பெரும்பாலும் அதிகாலையில். ஆகவே டிஇசட்200-ஐக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.