யுகே பல்கலைக்கழகத்தில் டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி: சொல்லலாமா, மறைக்கலாமா?

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க லீட்ஸ் வருகிறேன். பள்ளியிலிருந்தே டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உண்டு. ஏடிஎச்டிக்கு (கவனம் நிலைக்காத, அதீதத் துறுதுறுப்புள்ள நிலை) மெத்தில்பெனிடேட் மாத்திரை எடுக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சொன்னால் விசாவுக்குச் சிக்கல், வாயைத் திறக்காதே என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, தைரியமாகச் சொல்லுங்கள். நம் ஊரிலிருந்து வருபவர்களிடம் ஸ்டூடண்ட் விசாவுக்காகக் கேட்கும் மருத்துவப் பரிசோதனை காசநோய்க்கானது மட்டும்தான். ஏடிஎச்டி இருக்கிறது என்பதற்காக விசாவை மறுப்பதில்லை. அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், பாவம், அவர் பயம் அவருக்கு.

இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி, ஆட்டிசம் காரணமாக ஒரு மாணவர் அன்றாடம் பெரிதும் சிரமப்பட்டால், பல்கலைக்கழகம் நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கக்கூடாது. அரசு தரும் மாற்றுத்திறன் மாணவர் உதவித்தொகைதான் நமக்குக் கிடையாது. அது இல்லையென்றதும் எதுவுமே இல்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் தாங்காத விஷயம் இது.

பல்கலைக்கழகத்தில் இதைக் கவனிக்கும் பிரிவான டிசெபிலிட்டி சர்வீஸுக்கு இப்போதே மெயில் போடுங்கள். வகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருந்தால் முதல் அசைன்மென்ட் வந்து நிற்கும். டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி இருப்பதாகச் சொல்லும் பழைய ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் வாங்கி அனுப்புங்கள். தேர்வில் 25% கூடுதல் நேரம் பரவலாகத் தருகிறார்கள், அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு 45 நிமிடம். தனி அறை, லெக்சர் ரெக்கார்டிங், முன்கூட்டியே ஸ்லைடு, இதெல்லாமும் கேட்கலாம். கேட்பது சலுகை இல்லை, கூச்சப்படாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். அது இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மூன்று மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் டாக்டர் கடிதம் போதும். பெயர், பயணத் தேதி, மருந்தின் பெயர், அளவு, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும். மூன்று மாத அளவோ அதற்கு மேலோ என்றால் தனி லைசென்ஸ் வேண்டும். வந்தவுடன் ஜிபியிடம் (இங்கே முதலில் பார்க்கும் பொது மருத்துவர்) பதிவு செய்யுங்கள். நம் ஊர்ச் சீட்டை வைத்து உடனே எழுதித்தர மாட்டார்கள், ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பக்கூடும். பல ஊர்களில் அந்தக் காத்திருப்பே ஒரு வருடத்தைத் தாண்டுகிறது.

இன்னொரு பதில்: அக்கா சொன்னதோடு ஒன்று. முடியவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதே தம்பி. உன் விசாவுக்கு ஸ்பான்சர் பல்கலைக்கழகம்தான், வருகையைக் கவனிப்பார்கள். படிப்பை இடைநிறுத்தினாலும் உள்துறைக்குத் தகவல் போகும். அந்த நிலை வருமுன் டெட்லைன் நீட்டிப்பு கேள். ரிப்போர்ட் எந்த வருடத்தது, பெரியவனான பிறகு எடுத்ததா?